சாவடியும் அம்பலமும்

ஊர்களுக்கு வரலாறு உண்டு. கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு உண்டு. நாள்தோறும் நம் நாவில் புரளும் சொற்களுக்கும் அவ்வாறே வரலாறு உண்டு. ஒரு சொல் எங்கே பிறந்தது, எவ்வழியே நடந்தது, எவரெவர் வீட்டுத் திண்ணையில் தங்கியது என்று தேடிச் செல்வோமானால், அந்தத் தேட்டம் நம்மைப் பல நாடுகளுக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் அழைத்துச் செல்லும். சில வேளைகளில், நாம் எதிர்பாராத ஓர் உண்மையின் முன்னே கொண்டுபோய் நிறுத்தியும் விடும். அத்தகைய ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

நாம் பணியின் பொருட்டு வாழும் வடநாட்டு நகரில், தமிழ் அன்பர்கள் சிலர் கூடித் தமக்கென ஒரு கூடம் எழுப்ப முனைந்தனர். திருமணம், பொங்கல் விழா, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, இறந்தார்க்கு இரங்கற் கூட்டம் ஆகிய அனைத்திற்கும் உதவத்தக்க ஒரு பொதுவிடம் அது. சுவர் எழும்புமுன்னரே பெயர் பற்றிய வழக்கு எழும்பிவிட்டது. மன்றம் என்றார் ஒருவர். அரங்கம் என்றார் இன்னொருவர். மண்டபம் என்றார் மூன்றாமவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர் என்ற காரணத்தால் நம்மைக் கேட்டனர். நாம் சற்றும் தயங்காமல், "சாவடி என்று வையுங்கள், தென்னாட்டு மொழிகள் நான்கிற்கும் மராத்திக்கும் பொதுவான சொல், இந்நகரத்தாருக்கும் விளங்கும்" என்றோம்.

அப்பொழுது பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். இருப்புப்பாதையில் பணிசெய்து ஓய்வு பெற்றவர். சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரினர். "தம்பி, மன்னிக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கால் கூசுகிறது. எங்கள் அப்பா சாவடிக்குக் கீழே, வெயிலில் நின்றுதான் பேசுவார். ஒரு நாளும் அதன் திண்ணையில் அவர் ஏறியதில்லை, ஏறவும் விட்டதில்லை" என்றார். சொல்லிவிட்டு அமைதியாக அமர்ந்துவிட்டார். நம் வாயில் வேறு சொல் எழவில்லை. வீடு திரும்பியபின், அகராதியில் மட்டுமே நாம் அறிந்திருந்த அந்தச் சொல்லை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து ஆராயத் தொடங்கினோம்.

புத்தலப்பட்டை நேயர்களுள் பலர் இரயிலிலோ பேருந்திலோ கடந்திருப்பீர்கள். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகப் பாகாலாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அது ஒரு நிலையம். சித்தூரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை அவ்வூரில்தான் பிரிகிறது. ஒரு கிளை கடப்பை, கர்நூல் நோக்கிச் செல்ல, மற்றொன்று திருப்பதிக்குச் செல்கிறது. தெலுங்கில் பூதலபட்டு என எழுதுவதை நம்மவர் புத்தலப்பட்டு என்பர். இறுதியிலுள்ள 'பட்டு' செங்கல்பட்டிலும் சேத்துப்பட்டிலும் நாம் காணும் அதே பட்டு. அருகிலுள்ள காணிப்பாக்கத்தின் பாக்கமும் அவ்வாறே தொண்டைநாட்டு ஊர்ப்பெயர்களின் வழக்கமான ஈறு. ஒருகாலத்து வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த பகுதிகளைக் கொண்டு 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. புத்தலப்பட்டு அப்பக்கமே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோதும் அவ்வூர் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறினும் இருமொழியும் பேசும் மக்கள் அங்கேயே வாழ்கின்றனர். ஆகவே ஒரு சொல்லின் இருமுகத்தையும் காண அதனினும் ஏற்ற இடம் அரிது.

சாவடி என்பது யாது? ஊரின் பொதுக் காரியங்களைப் பேசும் இடம். வழிப்போக்கர் தங்கும் இடம். வரி தண்டும் இடம். காவலர் இருக்கும் இடம். இத்தனை பொருளும் அதற்கு உண்டு. தமிழில் சாவடி, தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் சிறிது ஒலி வேறுபாட்டுடன் அதே சொல். யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில-இந்தியச் சொல்லகராதி, இதன் மூலம் ஐயத்திற்குரியது என்று முதலில் ஒப்புக்கொள்கிறது. பின்னர், நான்கு எனப் பொருள்படும் 'சதுர்' என்னும் வடசொல்லுடன் வழி எனப் பொருள்படும் 'வாட' என்பது சேர்ந்து, 'நான்கு வழிகள் கூடுமிடம்' என்ற கருத்தில் பிறந்திருக்கலாம் என்ற விளக்கத்தையும் தருகிறது. 'சதுர்' என்பது மக்கள் வழக்கில் 'சௌ' எனத் திரிவது இயல்பு. வடநாட்டு நகரங்களில் நாள்தோறும் நாம் கடக்கும் 'சௌக்' அவ்வாறு பிறந்ததே. இந்த விளக்கம் முடிந்த முடிபன்று. ஆயினும் பொருளுக்குப் பொருந்துவது.

எவ்வாறெனில், நாற்சந்தியும் மக்கள் கூட்டமும் பிரியாதவை. சிலப்பதிகாரம் புகார் நகரில் ஐவகை மன்றங்கள் இருந்தன என்று கூறுகிறது. அவற்றுள் ஒன்று பூத சதுக்கம். சதுக்கம் என்பதும் நான்கு தெருக்கள் கூடுமிடமே. பொய்ச்சான்று கூறுவோரையும் புறங்கூறுவோரையும் அங்கிருந்த பூதம் தண்டிக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. நாற்சந்தி நீதி வழங்கும் இடமாகவும் கருதப்பட்டது என்பது இதனால் புலனாகும். ஒருவனுடைய மானம் போயிற்று என்பதற்கு இன்றும் 'சந்தி சிரிக்கிறது' என்கிறோம். சிரிப்பது சந்தியா? சந்தியில் கூடிய ஊரார்தாம் சிரிக்கின்றனர்.

இனி இச்சொல் நடந்த வழியைக் காண்போம். புதுதில்லியில் வாழும் அன்பர்கள் பழைய நகரத்துச் சாவ்ரி பஜாரை அறிவார்கள். தாளும் பித்தளையும் விற்கும் அந்தக் கடைத்தெருவின் பெயரில் உள்ளது, வழக்குகளைக் கூடிப் பேசித் தீர்க்கும் இடமாகிய சாவடியே என்பர். மராட்டிய நாட்டில் வாழ்வோர்க்கு இது இன்னும் நெருங்கிய சொல். அங்குக் கிராமத்துப் பட்டேலும் குல்கர்ணியும் அமர்ந்து கணக்குப் பார்த்த இடம் சாவடி. நிலப் பதிவேடுகளை ஊரார் கேட்கப் படிக்கும் வழக்கத்திற்கு அங்கே சாவடி வாசிப்பு என்றே பெயர். சீரடிக்குச் செல்லும் நம்மவர், சாயிபாபா ஓர் இரவு விட்டு ஓர் இரவு உறங்கிய சாவடியைக் கண்டு வருகின்றனர். அதுவும் பழைய ஊர்ப்பொதுக் கட்டடமே.

ஆங்கிலேயர் வாயில் இச்சொல் 'சோல்ட்ரி' ஆயிற்று. சென்னைக் கோட்டையை அவர்கள் அமைத்த தொடக்க காலத்திலேயே, கோட்டைக்கு வெளியே இருந்த நகரத்து மக்களின் சிறு வழக்குகளை ஒரு சாவடியில் வைத்து விசாரித்தனர். முதலில் நம் நாட்டு அதிகாரி ஒருவரே அங்கு நடுவராக இருந்தார். பின்னர் கும்பினி உத்தியோகஸ்தர் அமர்ந்தனர். 1678-இல் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் என்னும் ஆளுநர் நீதிமுறையைச் சீர்திருத்தியபோது, 50 வராகன் வரையிலான வழக்குகள் சாவடி நடுவர்க்கு உரியன என வரையறுக்கப்பட்டது. ஆதலால் சென்னையில் ஐரோப்பியர் ஏற்ற முதல் நீதிமன்றப் பெயர்களுள் ஒன்று நம் சாவடியே எனலாம். நாளடைவில் அவர்கள் சாவடி, சத்திரம், மண்டபம் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டனர். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தையும் சோல்ட்ரி என்றே தம் ஓவியங்களின் கீழ் எழுதினர். பெங்களூரில் வாழும் அன்பர்கள் இன்றும் கல்யாண மண்டபத்தைச் சோல்ட்ரி என்று கூறக் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டிலிருந்து புறப்பட்ட சொல் ஆங்கில உடை அணிந்து மீண்டும் நம் வீட்டுத் திருமணத்திற்கே வந்து நிற்கிறது!

சாவடி வருமுன் தமிழர் தம் பொதுவிடத்தை எவ்வாறு அழைத்தனர்? மன்றம் என்றனர், அம்பலம் என்றனர், பொதியில் என்றனர். பொதியில் என்பது பொது இல், அதாவது எவருடைய வீடும் ஆகாது எல்லாருடைய வீடும் ஆவது. இதனினும் அழகிய சொல்லைப் பொதுக்கூடத்திற்கு எம்மொழி தரும் என்று வியக்கிறோம். அம்பலம் என்னும் சொல்லோ பல வடிவம் எடுத்தது. சிற்றம்பலம் என்று தில்லையில் இறைவன் ஆடும் இடமாயிற்று. மலையாளத்தில் கோயிலுக்கே அம்பலம் என்று பெயர். கடல் கடந்து இலங்கையில், சிங்களத்தில் வழிப்போக்கர் தங்கும் மண்டபம் அம்பலம எனப்படும். ஒரே சொல், ஓரிடத்தில் தெய்வத்திற்கும் ஓரிடத்தில் வழிநடப்பார்க்கும் உரியதாயிற்று.

தெலுங்கர் சாவடியோடு மற்றொரு சொல்லையும் வைத்துள்ளனர். அதுவே ரச்ச. தேரோடும் தெரு எனப் பொருள்படும் 'ரத்யா' என்னும் வடசொல்லின் திரிபு அது. கடப்பையில் பணியாற்றி, 1852-இல் தெலுங்கு அகராதியை வெளியிட்ட சார்லஸ் பிலிப் பிரௌன், மக்கள் கூடும் பொதுவிடம் என்றே இதற்குப் பொருள் எழுதினார். பண்ட என்றால் கற்பலகை. ஊர் நடுவே மரத்தடியில் கற்பலகை பரப்பிய மேடைக்கு ரச்சபண்ட என்று பெயர். 'வீட்டில் வென்றபின் ரச்சயில் வெல்க' என்பது அவர்கள் பழமொழி. இச்சொல் சித்தூர் மாவட்டத்தோடு ஒரு துயரத்தாலும் பிணைந்துள்ளது. மக்களின் குறைகளை நேரிற் கேட்கும் திட்டத்திற்கு ரச்சபண்ட என்று பெயரிட்டு, அதனைத் தொடங்கிவைக்கச் சித்தூர் மாவட்டத்தை நோக்கி 2009 செப்டம்பர் 2-ஆம் நாள் ஹெலிகாப்டரில் புறப்பட்ட முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி, நல்லமலைக் காட்டில் விபத்துக்குள்ளாகி மறைந்தார். ஊர் மரத்தடியின் பெயர் அன்று நாடெங்கும் செய்தித்தாள்களில் அச்சேறியது.

இங்கே நேயர்கள் ஒரு நுட்பத்தை நோக்க வேண்டும். ஒரு குடும்பத்துச் சண்டை ஊரறிய வெளிப்பட்டால், தெலுங்கர் அது 'ரச்சக்கு ஏறிற்று' என்னும் பொருள்பட 'எக்கு' என்ற வினையை ஆள்வர். நாமும் 'அம்பலம் ஏறிற்று' என்கிறோம். இருமொழியிலும் பொதுவிடத்திற்கு ஏறவே வேண்டியிருக்கிறது! ஏன்? அது மேடாக இருந்தது, திண்ணை உயர்ந்திருந்தது, கற்பலகை தரைக்கு மேலே இருந்தது. அப்படியாயின் ஏறியவர் யார், ஏறாதவர் யார்? இந்த வினாவிற்கு நம் பழமொழியே விடை கூறிவிட்டது: 'ஏழை சொல் அம்பலம் ஏறாது.' பெரியவர் தம் தந்தையைப் பற்றிச் சொன்னதும் இதுவே. நாம் சொல்லின் வேரை ஆராய்ந்தோம். அவர் சொல்லின் படியை நினைவூட்டினார்.

வரலாற்றைப் புரட்டினால் அந்தப் படி மிகப் பழையது என்பது தெரியும். உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தலை நாம் பெருமையோடு நினைக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் சபை கூடிய மண்டபத்தின் சுவரிலேயே உள்ளன. தேர்தலையும் தணிக்கையையும் இவ்வளவு நுட்பமாக வகுத்த ஓர் ஊர் பத்தாம் நூற்றாண்டில் நம் தொண்டைநாட்டில் இருந்தது என்பது மெய்யான பெருமையே. ஆயினும் அக்கல்வெட்டு இன்னொன்றும் கூறுகிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே குடவோலையில் இடம். நிலமற்றவன் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை. பெருமையைச் சொல்லும் நாம் இதனையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை.

பிற்காலக் கிராமச் சாவடியிலும் இதுவே நிலை. மணியக்காரரும் கர்ணமும் மேலே அமர்ந்தனர். தலையாரி வாயிலில் நின்றான். வரி செலுத்தியவர்களுள் பலர் கீழே நின்றனர். பொது என்னும் சொல் பெயரில் இருந்தது. பொதுவுடைமை படியில் நின்றுவிட்டது.

அந்தப் படியை முதன்முதல் சட்டமன்றத்தில் கேள்வி கேட்டவருள் ஒருவர் இரட்டைமலை சீனிவாசன். 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, பொதுக் கட்டடம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட வகுப்பினர் உள்ளிட்ட எவரும் அணுகலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையாகவும் வெளிவந்தது. சித்தூர் அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதியாதலின் புத்தலப்பட்டுப் பக்கத்துச் சாவடிகளுக்கும் அந்த ஆணை உரியதாயிற்று. ஆணை பிறந்தவுடன் படி இடிந்துவிடவில்லை என்பதற்கு நம் பெரியவரே சான்று. எனினும், பொதுவிடம் என்றால் பொதுவிடமே என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய செயலன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடை, உணவுவிடுதி, கிணறு, குளம், சாலை, மக்கள் கூடுமிடம் ஆகியவற்றில் எவரையும் சாதி முதலியன காட்டித் தடுத்தலாகாது என்றது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 'மக்கள் கூடுமிடம்' என்ற தொடரை அலுவலகத்தில் நாம் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறோம். ஒரு மனிதரின் தந்தை வெயிலில் நின்ற கதை அச்சொற்களுக்குள் இருப்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பழைய கிராமச் சாவடியின் அதிகாரமும் இப்போது மறைந்துவிட்டது. பரம்பரையாக வந்த கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு 1980-இல் ஒழித்தது. ஆந்திரம் 1984-இல், ராமாராவ் முதலமைச்சராக இருந்தபோது ஒழித்தது. 2019 அக்டோபரில் ஆந்திர ஊர்களில் கிராம சச்சிவாலயங்கள் தோன்றின. அமைப்புகள் மாறின, பெயர்களும் மாறின.

ஆனால் சாவடி என்னும் சொல் தமிழில் மாயவில்லை, வேறு பணியேற்றுக்கொண்டது. சென்னையை அடுத்த குமணன்சாவடி, கரையான்சாவடி என ஊர்ப்பெயரில் நிற்கிறது. நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியாக நின்று கட்டணம் தண்டுகிறது. இவை எல்லாவற்றினும் சிறந்ததாக, வாக்குச்சாவடி என்று தேர்தல் நாளில் நம்மை அழைக்கிறது. தெலுங்கர் அதனைப் போலிங் கேந்திரம் என்பர். வாக்களிக்கும் இடத்திற்குச் சாவடி என்ற பழம்பெயரைச் சூட்டியவர் நாமே. இப்பெயரைச் சூட்டியவர்கள் அதன் பழைய வரலாற்றை எண்ணிச் சூட்டினார்களோ, எண்ணாமல் சூட்டினார்களோ, பொருத்தம் வியக்கத்தக்கது. எந்தச் சாவடியில் சிலர் மேலும் பலர் கீழுமாக இருந்தனரோ, அதே பெயருடைய இடத்தில் இன்று நிலமுடையாரும் நிலமிலாரும், ஆடவரும் பெண்டிரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். விரலில் இடும் மையும் ஒன்றே. புத்தலப்பட்டு, தொகுதி மறுசீரமைப்பிற்குப் பின் 2009 முதல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதியாகவும் விளங்குகிறது. சாவடிப் படியேற இயலாத தந்தையின் ஊர்ப்பக்கத்திலிருந்து சட்டமன்றப் படியேறும் உறுப்பினர் செல்கிறார்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் நாம் அந்தப் பெரியவரைக் காணச் சென்றோம். வாக்குச்சாவடியைப் பற்றிச் சொன்னோம். பொறுமையோடு கேட்டார். "அது சரிதான் தம்பி. அங்கே நான் ஏறியிருக்கிறேன். ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள். நீங்கள் கட்டும் கூடம் தினமும் திறந்திருக்குமே, அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை" என்றார். நம் ஆராய்ச்சி முழுவதற்கும் அவர் ஒரே வாக்கியத்தில் விடை கூறிவிட்டார். சாவடி என்ற பெயரை நாம் மீண்டும் வற்புறுத்தவில்லை.

கூடத்திற்கு இறுதியில் பொதுமன்றம் என்று பெயரிட்டனர். மன்றம் என்று மட்டும் எழுதினால் போதும், இடம் சிறிது என்றார் பலகை எழுதுபவர். 'பொது' வேண்டும் என்று எல்லாரும் கூறினர். மேடையைத் தரையினும் ஒரு சாண் அளவே உயர்த்துவது என்றும், கூட்டங்களில் அதன்மேல் நாற்காலி இடுவதில்லை என்றும் முடிவாயிற்று. பேச விரும்புவோர் இருந்த இடத்திலிருந்தே பேசலாம்.

பிழைப்பை நாடித் தாய்மண் விட்டுச் சென்ற தமிழர் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் எத்தனையோ கூடங்களை எழுப்பியுள்ளனர். சங்கம், மன்றம், கழகம், அரங்கம் எனப் பெயர்கள் பல. தாய்நாட்டிலிருந்து அரிசியும் பருப்பும் ஊறுகாயும் கொண்டுவருகிறோம், சொற்களையும் கொண்டுவருகிறோம். சொற்களோடு அவற்றின் பழைய படிகளும் நம்மை அறியாமல் மூட்டையில் ஏறி வந்துவிடுவதுண்டு. உங்கள் ஊர்க் கூடத்தின் பெயர்ப்பலகையை அடுத்த முறை காணும்போது, அதன் சொல்லை ஒருமுறை படியுங்கள். பின்னர் உள்ளே சென்று, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் எவர், அவர் இதுவரை அங்கே எழுந்து பேசியதுண்டா என்று பாருங்கள். அவர் பேசுவாராயின், நம் முன்னோர் பொதியில் என்று பெயரிட்ட பொருள் அந்தக் கூடத்தில் நிறைவேறிற்று என்று கொள்ளலாம்.